ஆறடிக் குளியலறையும் மூன்று நிலங்களும்

எங்கள் ஓவசியர் சங்கத்தின் புதிய செயலாளர் வீடு தேடி வந்து, "ஐயா, புதிசாய் வாற ஓவசியர்மாருக்கு உங்கடை அனுபவத்திலை ஒண்டை எழுதித் தாங்கோ" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். மாரி வெள்ளத்தில் பாலம் ஒன்று அள்ளுண்டு போகப் பார்க்க, நான் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்று அதைக் காப்பாற்றிய கதை அவருக்கு வேண்டும். நீங்கள் அதைப் படித்துத் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் காலையில் பழையபடி மட்டம் பார்க்காமலே கையொப்பம் போடுவீர்கள். மன்னிக்கவும், என்னிடம் அப்படிப் பாலம் எதுவும் இல்லை. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் கற்ற ஒன்று, ஆறடி நீளமும் ஐந்தடி அகலமுமான ஒரு குளிக்கிற அறையின் நிலத்தில் கிடந்தது. அந்த நிலத்தை மூன்று முறை பிழையாகப் போட்ட பிறகுதான் அதுவும் என் கண்ணில் பட்டது.

யுத்தம் தொடங்க இன்னும் சில வருஷங்கள் இருந்தன. எனக்கு வயது இருபத்தேழு. காக்கிக் களிசான், முழங்கால் வரை இழுத்துவிட்ட மேசு, தலையில் சோலாத் தொப்பி, சைக்கிள். வீதியில் என்னைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அது எனக்கு மரியாதை என்று நினைத்தேன். சைக்கிளுக்கு பிரேக் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிழமை நாட்களில் அரசாங்கத்தின் மதகுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஆலோசனை. சம்பளம் வாங்குகிறவன் வெளிவேலை பார்க்கலாமா என்று என்னிடம் கேட்க வேண்டாம். உங்களில் பாதிப்பேர் போன ஞாயிறு எங்கே நின்றீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நாளில் சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு என் பெயர் அடிபட்டது. காவி கலந்து இழுத்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் குனிந்தால் முகம் தெரியும்படி மினுக்கி விடுவேன். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்கமாட்டேன், நிலத்தைப் பார்ப்பேன். என்னுடையதைவிட மினுக்கம் குறைந்திருந்தால்தான் சோறு இறங்கும். அவ்வளவு பெரிய மடையன்.

உரும்பிராயில் ஒரு பென்சனியர் ஆள் அனுப்பினார். மலாயாவில் துறைமுகக் கந்தோர் ஒன்றில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அக்காலத்தில் மலாயாப் பென்சனியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வந்த முதல் மாதம் எதைக் கண்டாலும் மலாயாவில் இப்படியில்லை என்பார்கள். இரண்டாம் மாதம் அதைக் கேட்க ஆள் இராது. மூன்றாம் மாதம் எதையாவது கட்டத் தொடங்குவார்கள். இவரும் கட்டத் தொடங்கியிருந்தார். கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடுவில், சுற்றிவரப் பலகையடித்து ஓடு போட்ட ஓர் ஒற்றை அறை. அதன் பின்பக்கம் ஒட்டினாற்போல ஒரு குளிக்கிற அறை.

"நல்ல கொட்டில்" என்றேன்.

"கொட்டில் இல்லைத் தம்பி, கபின்" என்றார் அவர். "கப்பலிலை பாத்திருப்பீர்."

"நான் கப்பலில் ஏறினதில்லை ஐயா."

"அதுதான் உமக்கு விளங்கேல்லை."

கபின் அவருடைய மனைவிக்காக. அந்த அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதம். இடது கை தூங்கிவிட்டது. இடது காலில் உணர்ச்சி இல்லை. வலது கையில் ஊன்றுகோலைப் பிடித்து, அதில் சாய்ந்து, வலது காலை ஓர் எட்டு வைத்து, இடது காலைப் பின்னால் இழுத்துச் சேர்ப்பார். மணல் முற்றத்தில் அப்படி மெல்ல மெல்ல நடந்து திரிவார். ஆனால் பாசி பிடித்த கிணற்றடிக்கு அவரை விட வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. ஆகவே எட்டு மாதமாகக் கட்டிலில் வைத்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டார்கள். துடைத்தவர் பென்சனியரின் தமக்கை. காலையில் மச்சாளைத் துடைத்துவிட்டு, மத்தியானம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய் மச்சாளின் உடம்பு எங்கெங்கே எவ்வளவு வற்றிப் போயிற்று என்று கதைத்துவிட்டு வருவார்.

ஈரத்துணியால் துடைப்பது தலைக்கு வார்த்துத் தோய்ந்ததாகாது என்பது அந்த அம்மாவின் எண்ணம். தோயாமல் சாமியறைக்குள் கால் வைக்க மாட்டார். எட்டு மாதமாக வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். கந்தசட்டி விரதம் வர இன்னும் ஐந்து கிழமை இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் ஒரு வருஷமும் அந்த ஆறு நாள் விரதத்தை விட்டதில்லை. இந்த வருஷம் விரதத்தின் முதல் நாள் ஒருவர் கையும் படாமல் தானாகத் தோய்ந்து, தானாக நடந்துபோய்ச் சாமியறையில் விளக்கேற்ற வேண்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாமியறை இருக்கிற வீட்டோடு குளிக்கிற அறையை ஒட்டக்கூடாது என்றும் அவரே சொல்லியிருந்தார். அதனால்தான் இந்தக் கபின்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முன்னால் தெரிந்திருக்கலாம்; கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. நான் நிலம் போட வந்தவன்.

நிலத்தைப் பற்றிப் பென்சனியரும் நானும் இரண்டு ஞாயிறு வாதாடினோம். அவருக்கு மாபிள் வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் சதுரமாக, மலாயாவில் தன்னுடைய துரையின் பங்களாவில் இருந்த மாதிரி. துரையின் குளிக்கிற அறைக்குள் இவர் எதற்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து மாபிள் வந்துசேர இரண்டு மாதமாகும், வந்தாலும் பாதி உடைந்துதான் வரும் என்று பயமுறுத்தினேன். கூட நின்ற மேசன் தன் பங்குக்கு, "பனஞ்சலாகையைப் பரப்பி விட்டால் என்ன ஐயா, தண்ணி கீழை போயிடும்" என்றான். பனஞ்சிராம்பு காலில் ஏறினால் என்னவாகும் என்று கேட்டேன். "அதுவும் சரிதான்" என்றான். யார் எதைச் சொன்னாலும் அவனுக்கு அது சரியாகத்தான் இருக்கும்.

கடைசியில் என் சிவப்புச் சீமெந்து வென்றது. மூன்று நாள் அந்த முப்பது சதுர அடியில் குந்தியிருந்து, மேசனை நம்பாமல் நானே மினுக்கினேன். காய்ந்ததும் அயலட்டைச் சனம் கூடி வந்து எட்டிப் பார்த்தது. பென்சனியர் குனிந்து தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். நான் சப்பாத்தையும் மேசுகளையும் கழற்றி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, ஈர நிலத்தில் மேலும் கீழுமாக நடந்து காட்டினேன்.

"பாத்தியளே, வழுக்குதோ?" என்று பென்சனியர் எல்லோரிடமும் கேட்டார். தானே இழுத்த நிலம் போல.

வாசலில் ஒரு கதிரையில் இருந்த அம்மா அப்போதுதான் முதன்முதலாக என்னோடு கதைத்தார். "தம்பி, நீங்கள் தண்ணியிலை நடந்து காட்டுறியள். நான் எண்ணெயோடையெல்லோ நிக்கப்போறன்."

வைத்தியம் பார்த்த பரியாரியார் அவருக்கு நாள்தோறும் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தோயும்படி சொல்லியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியாது. மடியில் வைத்திருந்த போத்தலைத் திறந்து, அம்மா என் சிவப்பு நிலத்தில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினார். "இப்ப நடவுங்கோ."

அங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். எண்ணெயையும் நிலத்தையும் பார்த்து, பிழை நடந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அயலட்டை பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஓர் எட்டு வைத்தேன். இரண்டாவது எட்டு வைத்ததாக நினைவில்லை. கால் இரண்டும் மேலே போயின, பிட்டம் சீமெந்தில் விழுந்தது, தொப்பி சுவரோரத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. அயலட்டை சிரித்த சிரிப்பு உரும்பிராய்ச் சந்திவரை கேட்டிருக்கும். பென்சனியர் மிகவும் சிந்தித்து, "மாபிள் எண்டால் உப்பிடி வழுக்காது" என்றார். மேசன் என் கையைப் பிடித்துத் தூக்கும்போது காதுக்குள், "எனக்கு அப்பவே தெரியும் ஐயா" என்றான்.

அம்மா சிரிக்கவில்லை. "எழும்ப ஏலுமோ தம்பி?" என்றார். நான் எழும்பி நின்றதைப் பார்த்துவிட்டு, "நான் எண்டால் எழும்பியிருக்க மாட்டன்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும்விட அந்த ஒரு சொல் எனக்குச் சுட்டது. அதற்குப் பிறகுதான் தோய்வது, சாமியறை, விரதம் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார்.

நிலத்தைக் கொத்திக் கிளறினோம். மூன்று கிழமை மிச்சம். வழுக்கி விழுந்தவனுக்கு உலகத்தில் வழுக்கலைத் தவிர வேறு ஆபத்து இருப்பது தெரியாது. நான் நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். வெள்ளைக் கல்லைப் பலகை பலகையாக எடுத்துப் பதித்து, மேற்பரப்பை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தச் சொன்னேன். மேசன் நன்றாகவே கொத்தினான். எண்ணெயை ஊற்றிவிட்டுப் பென்சனியர் அதன்மேல் துள்ளிக் காட்டினார். நான் ஓடிக் காட்டினேன். அரிசி புடைக்கிற சுளகு தவிர வேறு எல்லாவற்றையும் போட்டுப் பரீட்சித்தோம்.

அம்மா உள்ளே போனார். ஊன்றுகோல் நின்றது, வலது கால் நின்றது. திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். "இன்னொருக்காப் போட்டு வாறன்" என்று மறுபடியும் போய் வந்தார். எட்டு மாதத்தில் அவர் இப்படிச் சிரித்ததில்லை என்றார் பென்சனியர். அம்மா வெளியே முற்றத்துக் கதிரையில் வந்து இருந்த பிறகு, பென்சனியரின் தமக்கைதான் கண்டார். கதிரைக்கடியில் மணல் சிவந்திருந்தது. இடது காலின் விரல்களிலும் பாதத்தின் ஓரத்திலும் தோல் உரிந்து தொங்கியது. உள்ளே கல்லில் நான்கு கோடு இரத்தம். உணர்ச்சியில்லாத காலை அந்தக் கல்லில் நாலு தரம் இழுத்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தார்.

"என்ரை காலோ உது?" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுந்தது எனக்கு வெட்கம், இது வேறு. ஒரு மனிசியின் உடம்பை அவருக்கே தெரியாமல் நான் கிழித்திருந்தேன். பரியாரியார் வந்து கட்டுப்போட்டுவிட்டு, உணர்ச்சியற்ற காலில் புண் வைத்தால் காலே போகும், இனி அந்தக் கொட்டிலுக்குள் அவரை விட்டால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று கத்தினார். "கொட்டில் இல்லை, கபின்" என்று சொல்லக்கூடப் பென்சனியருக்கு வாய் வரவில்லை. மேசன் மட்டும் கொல்லைப்பக்கம் நின்று, தனக்கு அப்பவே தெரியும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளே, நீங்கள் இன்றைக்குக் கந்தோரில் இருந்து விலைப்பட்டியலைப் புரட்டி, பச்சையா நீலமா, இந்தக் கொம்பனியா அந்தக் கொம்பனியா என்று நிலம் தெரிவுசெய்கிறீர்கள். நல்லது. அதில் நடக்கப் போகிற கால் எது என்று ஒருதரமாவது கேட்டிருக்கிறீர்களா? நான் இரண்டு நிலம் போடும்வரை கேட்கவில்லை. என் கால் வழுக்காவிட்டால் உலகத்தில் எந்தக் காலும் வழுக்காது, என் கால் தேயாவிட்டால் எந்தக் காலும் தேயாது என்பது என்னுடைய படிப்பு.

பென்சனியர் இடது காலுக்குக் கன்வாஸ் சப்பாத்துப் போட்டுவிடலாம் என்றார். மலாயாவில் எல்லோரும் அப்படித்தானாம்.

"சப்பாத்தோடை தோய்ஞ்சிட்டு, அந்தக் காலோடையே நான் சாமியறைக்குப் போறது?" என்று அம்மா கேட்டார். பென்சனியர் எழும்பிப் போய்விட்டார்.

புண் காய்ந்து வந்தது, நாட்கள் போயின. நான் ஒவ்வொரு மாலையும் அங்கே போய், அம்மா முற்றத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது ஒன்றைத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அப்படி இருக்கும்போதுதான் பிடிபட்டது. பாரம் எல்லாம் ஊன்றுகோலிலும் வலது காலிலும். இடது கால் பாரம் தாங்குவதில்லை, இழுபடுவது மட்டுந்தான். ஆக, வலது காலுக்குக் கரடு வேண்டும், இடது காலுக்கு வழுவழுப்பு வேண்டும். ஒரு நிலம் என்று ஏன் இருக்க வேண்டும்?

உள்ளே போகும்போது இடது கைப்பக்கம் வரும் சுவரோரமாக, கல்லை எடுத்துவிட்டு, ஒரு முழ அகலத்தில் இரண்டு விரல் ஆழத்தில் மினுக்கிய சீமெந்தால் ஒரு வாய்க்கால் இழுத்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற வாய்க்கால் போலத்தான். செத்த கால் அதற்குள் இழுபட்டு வரும், பக்கவாட்டில் எங்கும் போகாது. வலது பக்கம் கொத்திய கல் அப்படியே கிடக்க, அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டியும் இருந்து தோய ஒரு கட்டும். சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. பென்சனியர் வந்தவர் போனவருக்கெல்லாம் அது தன்னுடைய யோசனை என்று காட்டினார். மேசன் தானும் அதைத்தான் நினைத்திருந்ததாகச் சொன்னான். அந்தப் பெயரை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன். பிழை வந்தால் பங்குபோட ஆள் வேண்டாமா?

சீமெந்து இறுகி முடிய விரதத்துக்கு முதல் நாளாகிவிட்டது. மாலை நாலு மணிபோல அம்மா பரீட்சிக்க வந்தார். எண்ணெயைத் தானே இரண்டு பக்கமும் ஊற்றினார். ஊன்றுகோலை வைத்தார், வலது காலைக் கல்லில் வைத்தார், இடது கால் வாய்க்காலுக்குள் சத்தமில்லாமல் வழுக்கி வந்து சேர்ந்தது. அந்தக் கட்டின்மேல் போய் இருந்தார். எழும்பினார். நானும் பென்சனியரும் மேசனும் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

பிறகு அவர் திரும்பினார்.

திரும்பினால் என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்குப் படிக்கும்போதே விளங்குகிறது. நான் அளந்து, படம் கீறி, நின்று கட்டுவித்தவன், எனக்கு விளங்கவில்லை. வெளியே வரத் திரும்பியவரின் நல்ல கால் எண்ணெய் ஊறிய வாய்க்காலுக்குள் போயிற்று. செத்த கால் கொத்திய கல்லின்மேல். வலது கால் ஒரு சாண் வழுக்கியது. ஊன்றுகோல் சுவர்ப்பலகையில் முட்டி நின்றது. அதனால்தான் அவரும் நின்றார்.

"ஐயோ!" என்று பென்சனியர் உள்ளே பாய்ந்தார். எண்ணெய் நிலத்தில், செருப்புக் காலோடு. அவர் இரண்டு எட்டு வைத்தால் அம்மாமேல் போய் விழுவார், அம்மா கல்லில் விழுவார். நான் அவருடைய மலாயாப் பெல்டைப் பின்னால் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே போட்டேன். "அசையாதையுங்கோ!" என்று கத்தினேன். அப்பன் வயதுள்ள மனிதர். அதற்கு முன் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை.

அம்மா சுவரில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்தார். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "தம்பி, உள்ளுக்கு வாறதுக்கு வடிவாய் வழி போட்டிருக்கிறியள். வெளியிலை போறது எப்பிடி?"

"மற்றப் பக்கமும் ஒரு வாய்க்கால் வெட்டுவம்" என்றார் நிலத்தில் கிடந்த பென்சனியர். மற்றப் பக்கம் தொட்டி இருந்தது. விடிந்தால் விரதம். அதைவிட, மனைவி அந்தரத்தில் நிற்கிறார். எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

"அம்மா, மெல்ல முந்தின மாதிரியே திரும்பி, அங்காலைச் சுவரைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. அப்பிடி நிண்டால் பயமில்லை" என்றேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் ஊன்றி, அரை அரை அடியாகத் திரும்பினார். வலது கால் மறுபடி கல்லைப் பிடித்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் நான் ஓடினேன். மேசனின் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு கபினைச் சுற்றி ஓடி, அவர் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பின்சுவரில் பலகைக்கும் பலகைக்கும் இடையில் நெம்பினேன். சுவரைக் கட்டப் பென்சனியருக்கு ஒரு மாதம் எடுத்தது. நான் நாலு பலகையைக் கழற்ற ஐந்து நிமிஷம் எடுக்கவில்லை. மேசன் வந்து கீழ்ச்சட்டத்தை வெட்டி எடுத்தான். வெளியே வீட்டு முற்றம், மணல்.

அம்மா நேரே நடந்தார். ஊன்றுகோல், வலது கால், வாய்க்காலுக்குள் இடது கால். மறுபடி ஊன்றுகோல். திரும்பவேயில்லை. மணலில் வந்து நின்று மூச்சு விட்டார். சுவரில் நான் போட்ட பொத்தலைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே, முற்றத்துக்கு அங்கால், வீட்டுப் படி ஒன்று, அதற்குள் சாமியறை.

நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. நாளைக்கே ஆள் விட்டு இதை அடைச்சுத் தாறன்" என்றேன்.

"அடைக்க வேண்டாம்" என்றார் அவர். "உதுக்கு ஒரு கதவு போடுங்கோ. கபின் பக்கத்தாலை வந்து இதாலை போறன். ஏன் திரும்பவேணும்?"

மூன்று நிலம் போட்டவன், மாபிள் கேட்டவன், அப்பவே தெரிந்தவன், மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். நிலம் நிலம் என்று ஐந்து கிழமை அடிபட்டோம். குறைந்திருந்தது ஒரு வாசல். அன்று பொழுதுபடுவதற்குள் சந்தியிலிருந்து தச்சுவேலை செய்கிற ஓடாவியாரைக் கூட்டிவந்து, கழற்றிய பலகையாலேயே ஒரு கதவு செய்து, உள்ளே கொண்டியும் வைத்துக் கொடுத்தோம்.

மறுநாள் காலை, நன்றாக வெயில் ஏறியபின் போனேன். வெந்நீர் தொட்டியில் நிரம்பியிருந்தது. அம்மா கபினுக்குள்ளிருந்து குளிக்கிற அறைக்குள் நுழையும்போது, கதவுக்கருகில் நின்ற தமக்கையிடம், "நீங்கள் வீட்டை போங்கோ மச்சாள்" என்றார். பிறகு எங்களிடம், "ஒருத்தரும் கூப்பிடப்பிடாது. விழுந்தால் சத்தம் கேக்குந்தானே" என்றுவிட்டுக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

பென்சனியர், மேசன், நான், மூன்று பேரும் அந்தக் கதவுக்கு இப்பால் நின்றோம். பென்சனியரின் கையில் மணிக்கூடு. உள்ளே செம்பு தொட்டியில் முட்டுகிற சத்தம், பிறகு தண்ணீர் தலையில் விழுகிற சத்தம். ஒரு செம்பு, இரண்டு செம்பு. எட்டு மாதத்துக்கும் சேர்த்து வார்க்கிறார் என்று நினைத்தேன். நெடுநேரம் வார்த்தார். பிறகு சத்தம் நின்றது.

"துடைக்கிறா" என்றார் பென்சனியர்.

கொஞ்ச நேரம் போனது. "சீலை உடுக்கிறா. ஒற்றைக் கையெல்லே" என்றார்.

அதற்குப் பிறகு மணிக்கூட்டைச் சட்டைப்பையில் போட்டார். மலாயா, துரை, மாபிள் எல்லாம் அந்த முகத்திலிருந்து கழன்று போய், பயந்துபோன ஒரு கிழவர் நின்றார். உதடு முருகா முருகா என்றது. இந்த மனிதரை ஐந்து கிழமையாக மனதுக்குள் எத்தனை தரம் நையாண்டி செய்தேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் கதவைத் தட்டினார். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இல்லை. "விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும் ஐயா" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. மேசன் தோளைக் கொடுத்தான், நானும் கொடுத்தேன், கொண்டி பிடுங்கிக்கொண்டு கதவு உள்ளே விழுந்தது.

அறையில் ஒருவரும் இல்லை. நிலம் ஈரம், செம்பு கவிழ்த்து வைத்திருந்தது. எதிர்க்கதவு திறந்து கிடந்தது. வெளியே மணலில் வலது பாதத்தின் அடிகள், பக்கத்தில் இடது கால் இழுத்த கோடு, நேரே வீட்டுப் படிவரைக்கும்.

முற்றத்தைக் கடந்து மூன்று பேரும் ஓடினோம். சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். முடியாமல் விட்ட ஈரத் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. பென்சனியர் வாசலிலேயே நின்று, மூச்சிரைக்க, அழுதுகொண்டு கேட்டார்: "இஞ்சாரும், ஒரு குரல் குடுத்திருக்கலாமெல்லே?"

அம்மா திரும்பவில்லை.

"குடுத்திருந்தால் வந்திருப்பியள்" என்றார்.